அண்ணாவுக்கு அழைப்புக்குறி இல்லை

மாலை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது ஷாஹிதாவின் பொறுப்பாகிவிட்டது. அவளாகக் கேட்டு வாங்கிய பொறுப்பல்ல. ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே நித்யஸ்ரீ மேடம், "நீ சொன்னா எல்லாருக்கும் புரியுது" என்று சொல்லி, முன்வரிசையில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டார். நித்யஸ்ரீ பகலில் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளர். மாலையில், பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களின் அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்குச் செயலாளர். அந்த லைசென்ஸ் பரீட்சைக்கான வகுப்பு நடந்தது பெருமாநல்லூரில் கிட்டுசாமியின் பனியன் கம்பெனி மாடியில், சாம்பிள் அறையை ஒட்டிய அறையில். அதே கம்பெனியில்தான் ஷாஹிதா பகல் முழுவதும் ஃபாலோ-அப் வேலை பார்த்தாள். எந்தத் துணி நிட்டிங்கில் இருக்கிறது, எது சாயத்துக்குப் போயிருக்கிறது, எது கட்டிங்குக்கு வர வேண்டும் என்று ஆள் மாற்றி ஆளைத் துரத்திக்கொண்டே இருக்கும் வேலை.

அன்றைக்கு வந்திருந்தவர்களில் முதல் கேள்வியை ஒரு மளிகைக் கடைக்காரர் கேட்டார்.

"ஏனுங்க, செல்போன் இருக்கறப்ப இது எதுக்குங்க?"

"செல்போன்ல நம்பர் இருந்தாத்தான் பேச முடியும்ங்க. இதுல யாருன்னே தெரியாதவங்களோட பேசலாம். டவரு உழுந்தாலும் பேசலாம்."

"பரீட்சை கஷ்டமுங்களா?"

"ரெண்டு பகுதிங்க. ஒண்ணு கரண்டு, சர்க்யூட், ஆன்டெனா. இன்னொண்ணு சட்டதிட்டம். ரெண்டுலயும் தனித்தனியாப் பாஸாகோணும். நான் மொதல் தடவை சட்டத்துல பாஸு, சர்க்யூட்டுல ஃபெயிலு."

"அந்த டக் டக் தந்தி பாஷை படிச்சே ஆகோணுமா?"

"மொதல் படி ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வேண்டாமுங்க. அதுக்கு மேல ஜெனரலுக்கு வேணும். நான் இப்பத்தான் அதைப் படிச்சுட்டிருக்கேன்."

"துபாய்ல என்ற மச்சான் இருக்காப்ல. அவங்கூடப் பேசலாமா?"

"அவருக்கும் அங்க இந்த லைசென்ஸ் இருந்தாப் பேசலாமுங்க."

"அவனுக்கு வண்டி ஓட்டற லைசென்ஸே இன்னும் குடுக்கலயாம்" என்றார் கடைக்காரர். அறை சிரித்தது. அவருக்குப் பின்னால் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். "கம்பெனி வேன்ல ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு வெச்சுக்கிட்டு லோடு விசயம் பேசிக்கலாமுங்களா?"

"கூடாதுங்க" என்றாள் ஷாஹிதா. "யாபாரம் சம்பந்தமா ஒரு வார்த்தைகூட இதுல பேசக் கூடாது."

கடைசி வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்த கிட்டுசாமி டம்ளரை முழங்கால்மேல் வைத்தார். "அம்மிணி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எல்லாரும் மனசுல வெச்சுக்கங்க."

மறுநாள் காலை ஷாஹிதா கட்டிங் மேஜைப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது இடுப்பில் இருந்த ரேடியோ கைக்கருவியில் கிட்டுசாமியின் அதே குரல், சாயத்துக்குப் போயிருந்த கருநீலத் துணியை விசாரித்தது.

"அம்மிணி, நேவி லாட்டு என்னாச்சு?"

சங்கத்தின் ரிப்பீட்டர் கிட்டுசாமியின் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் இருந்தது. கையில் பிடிக்கிற சின்னக் கருவியின் பலவீனமான சிக்னலை வாங்கி, பலமாக்கி, பல்லடம் தாண்டியும் கேட்கும்படி திருப்பி அனுப்புகிற பெட்டி அது. கரண்ட் அவருடையது, கம்பம் அவருடையது, பெட்டி வாங்கியதில் பெரும்பங்கும் அவருடையது. அதை வைத்துக்கொண்டு பொங்கலூர் நிட்டிங்காரருக்கு ஒரு கருவி, சாயப்பட்டறை சூப்பர்வைசருக்கு ஒரு கருவி என்று கொடுத்துவிட்டிருந்தார். அந்த இருவருக்கும் லைசென்ஸ் இல்லை. போனிலேயே பேசலாமே என்று ஷாஹிதா ஒருமுறை கேட்டதற்கு அவர் சொன்ன காரணத்தை மறுக்க அவளுக்குத் தெரியவில்லை.

"போன்ல கூப்ட்டா எடுக்க மாட்டேங்கறான் அம்மிணி. இதுல கூப்ட்டா நாலு பேரு கேக்கறாங்க. நாலு பேரு கேக்கறப்ப எடுக்காம எப்படி இருப்பான்?"

"இது தப்புங்கண்ணா. லைசென்ஸுக்கு ஆகாதுங்க."

"நம்ம ஊட்டு விசயத்த நாம பேசிக்கறோம். ரேடியோவுல சரக்கா விக்கறோம்?"

அவள் நித்யஸ்ரீயிடம் போய்ச் சொன்னாள். நித்யஸ்ரீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். "எனக்கும் தெரியுது ஷாஹிதா. ஆனா அந்தத் தொட்டிய உட்டா நமக்கு வேற எடம் இல்ல. வேற எடம் பாத்துட்டிருக்கேன். அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." வேறு இடம் பார்க்கிற வேலை மழைக்காலம் முழுவதும் நடந்துகொண்டே இருந்தது.

ஷாஹிதா தனக்குத்தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். செய்வது தப்பு, அதையாவது முறையாகச் செய்வோம் என்று முடிவு செய்தாள். ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் தன் அழைப்புக்குறியைச் சொன்னாள். அரசாங்கம் அவளுக்கென்று கொடுத்த, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறெழுத்துப் பெயர் அது. உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. விதிப்படி அதைச் சொல்லாமல் பேசக் கூடாது. "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ" என்று தொடங்கி, வி-க்கு விக்டர், யு-வுக்கு யூனிஃபார்ம் என்பதுபோல ஒவ்வொரு எழுத்தையும் பிரித்து நிறுத்திச் சொல்வாள். வீட்டில் சொல்லிப் பழகிய புதிதில் அம்மா அமீருன்னிசா அடுப்படியிலிருந்து வந்து நின்று, "யாருடி அந்த விக்டரு? அத்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

கிட்டுசாமி மட்டும் தன்னுடையதைச் சொன்னதே இல்லை. அவருக்கும் அழைப்புக்குறி உண்டு. ஆனால் அந்த வட்டாரத்தில் அவர் வயதுக்காரரை எழுத்தெழுத்தாகப் பிய்த்துக் கூப்பிட யாருக்கு வாய் வரும்? ஞாயிறு மாலை சங்கத்தின் வருகைப் பதிவில்கூட நித்யஸ்ரீ எல்லோரையும் அழைப்புக்குறி சொல்லிக் கூப்பிடுவார், அவர் முறை வந்ததும், "அண்ணா, இருக்கீங்களா?" என்பார். "இருக்கேன் சாமி" என்று பதில் வரும். அவ்வளவுதான். முறை தவறுகிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை. மரியாதை என்றுதான் தோன்றியது. ஷாஹிதாவுக்கும் அப்படித்தான். ஒருமுறை அவள் துணிந்து, "அண்ணா, உங்க கால்சைன்" என்று ஞாபகப்படுத்தினாள். "என்ற கொரலு தெரியாதவன் இந்த ஊர்ல யாரு அம்மிணி?" என்று சிரித்தார். மற்றவர்களும் மைக்கை அமுக்கிச் சிரித்தார்கள்.

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த ரேடியோதான். கம்பெனியில் யாரும் அவளை ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்கவிட்டதில்லை. வீட்டில் இரண்டு அண்ணன்களுக்குப் பின்னால் பிறந்தவள், அங்கேயும் அப்படித்தான். ரேடியோவில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேச முடியாது. அவள் "ஓவர்" சொல்லும்வரை காத்திருந்துதான் ஆகவேண்டும். கொமரலிங்கத்தில் அமராவதி ஆற்றின் கரை உடையும் போலிருந்த இரண்டு நாள், சங்கத்தின் சார்பில் அங்கே போயிருந்தபோது, டவர் படுத்துவிட்ட ஊரிலிருந்து அவள்தான் தாசில்தார் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினாள். இத்தனை வீடு, இத்தனை ஆள், இன்ன தெருவில் தண்ணீர் என்று அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்ல, மறுமுனையில் ஒரு பெரிய அதிகாரி மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்த பிறகுதான் ஜெனரல் கிரேடு எழுத வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த லைசென்ஸ் இருந்தால் இன்னும் பெரிய கருவி வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் பேசலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மேஜை ஓரத்தில் விரலால் தட்டித் தட்டி மோர்ஸ் பழகினாள். டெய்லர்கள் அவளுக்கு நடுக்கம் ஏதாவதா என்று விசாரித்தார்கள்.

தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில்தான், லைசென்ஸ் கொடுக்கும் அரசாங்க அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. கோவைப் பக்கத்து ஆபரேட்டர் ஒருவர் ரிப்பீட்டரில் நடப்பதை ஒட்டுக்கேட்டு, பதிவு செய்து, புகார் அனுப்பியிருந்தார். அமெச்சூர் அலைவரிசையில் வியாபாரப் பேச்சு நடத்தியதற்கு உங்கள் லைசென்சை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். பதிவையும் இணைத்திருந்தார்கள்.

அவள் அதைப் போட்டுக் கேட்டாள். "அம்மிணி, நேவி லாட்டு என்னாச்சு?" என்றது ஒரு குரல். பிறகு அவளுடைய அழைப்புக்குறி, தெளிவாக, எழுத்தெழுத்தாக. பிறகு சாயப்பட்டறைக் குரல்: "அண்ணா, கலர் ஷேடு பாஸாகலீங்ணா, மறுக்காப் போட்ருக்கு." பிறகு மறுபடியும் அவளுடைய அழைப்புக்குறி. பதிவு ஓடி முடியும்வரை அப்படியேதான். இத்தனை பேர் பேசிய பேச்சில் ஆள் அடையாளம் இருந்தது ஒருத்திக்கு மட்டும்தான். நான் ஒழுங்காக இருக்க நினைத்ததுதான் என்னைக் காட்டிக்கொடுத்ததா, அல்லது முதல் நாளே கருவியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டுமா என்று யோசித்தாள். இரண்டுமே உண்மை என்றுதான் பட்டது.

கிட்டுசாமி அவளை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். அவர் மகன் நித்தீஷ் சோபாவில் சாய்ந்து போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"உக்காரு கண்ணு. டீ சொல்லட்டா?"

"வேண்டாமுங்கண்ணா."

"இது ஒண்ணும் பெரிய விசயமில்ல. நீ எழுதிப் போடு. புதுசுங்க, வெவரம் தெரியாமப் பண்ணீட்டேன், இனிமே பண்ண மாட்டேன்னு. பொம்பளப் புள்ளைன்னு உட்ருவாங்க."

"வெவரம் தெரியாமன்னு எப்படிங்கண்ணா எழுதறது? அந்த வெவரத்த வகுப்புல சொல்லித் தாரதே நானுங்களே."

"டாடி, ஒரு சாரி மெயிலுக்கு எதுக்கு இவ்ளோ பஞ்சாயத்து?" என்றான் நித்தீஷ், தலையைத் தூக்காமல். "சாட்ஜிபிடி கிட்டக் கேட்டா ரெண்டு நிமிசத்துல எழுதிக் குடுக்கும்."

"நீங்க சொல்லித்தாங்கண்ணா நான் பேசினேன். அதையும் சேத்து எழுதறேனே."

கிட்டுசாமி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. மேஜைமேல் இருந்த துணித்துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "என்ற பேரு வந்தா ரிப்பீட்டர எறக்கச் சொல்லுவாங்க. சங்கமே போயிரும். வகுப்புப் போயிரும். நாலு புள்ளைங்க படிக்கறது உன்னால கெடோணுமா?" பிறகு, வேறு எதையோ நினைத்துக்கொண்டவர்போலக் கேட்டார். "அத்தா சௌக்கியமா? இந்த வாரம் கட்டிங் வேஸ்ட்டு எடுக்க வண்டி வரலையாட்ட இருக்குது?"

அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா பசீர் அகமது, கம்பெனிகளில் மிஞ்சும் துண்டுத்துணியை மொத்தமாக எடுத்து விற்கிறவர். அவருடைய பெரிய வரவு இந்தக் கம்பெனியிலிருந்துதான்.

"சௌக்கியமா இருக்காங்கண்ணா" என்றாள் ஷாஹிதா.

அன்று மாலையே நித்யஸ்ரீ வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். போனில் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"மேடம், நான் பேசலைன்னு சொல்லல. பேசினேன். என் பேர்ல இருக்கறதுக்கு நான் பதில் சொல்றேன். இந்தக் கொரலு யாரோடதுன்னு மட்டும் நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

"கொரல வெச்சு எப்படி ஷாஹிதா சொல்றது?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியறது வேற. எழுதிக் குடுக்கறது வேற." நித்யஸ்ரீ பதிவை நிறுத்தினார். "இதுல அவரு கால்சைன் எங்கயுமே இல்ல. அண்ணான்னு யாரை வேணா கூப்பிடலாம். என் தம்பி பொண்டாட்டி பால்காரரையே அண்ணான்னுதான் கூப்புடறா."

"நீங்களும்தானே மேடம் அவரை அண்ணான்னு கூப்பிட்டீங்க. வாரா வாரம்."

"அது மரியாதை."

"எனக்கும் அதாங்க மேடம்."

நித்யஸ்ரீ போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். மாணவிக்குப் புத்தி சொல்லும் குரலில் சொன்னார். "உனக்கு இருக்கறது ரெஸ்ட்ரிக்டட்தானே. போனாலும் மறுபடி எழுதிக்கலாம். நீதான் நல்லாப் படிக்கறவளாச்சே. ரிப்பீட்டர் போனாத் திரும்ப வைக்க முடியுமா, யோசிச்சுப் பாரு."

சங்கத்தில் மற்றவர்களுக்கும் போன் செய்தாள். ஒருவர், தான் அந்த வாரம் ஊரிலேயே இல்லை என்றார். இன்னொருவர், தன் கருவியில் எப்போதுமே இரைச்சல்தான், யார் பேசினாலும் அடையாளம் தெரியாது என்றார். தன் குரல் தெரியாதவன் ஊரில் இல்லை என்று அவர் சொன்னபோது சிரித்தவர்கள்தான் அவர்கள் எல்லோரும்.

வீட்டில் அத்தா எல்லாவற்றையும் கேட்டார். எழுதாதே என்று சொல்லவில்லை. எழுது என்றும் சொல்லவில்லை. "வண்டிக்கு டயர் மாத்தோணும்னு இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இரவு இஷா தொழுகைக்குக் கிளம்பினார். அமீருன்னிசாதான் பேசினாள்.

"அந்த லைசென்ஸால ஒரு ரூவா வருமாடி?"

"வராதும்மா."

"கல்யாணத்துக்கு ஒதவுமா?"

"ஒதவாது."

"அப்பறம் அதைக் கட்டிக்கிட்டு ஏண்டி அழுவற?"

ஷாஹிதா கண்ணைத் துடைத்தாள். "என் பேர்ல வேற எதும்மா இருக்கு?"

அமீருன்னிசா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். வெறும் குச்சியைக்கூடக் கொஞ்ச நேரம் உருவினாள். "எழுதறதுன்னா முழுசா எழுது" என்றாள் கடைசியில். "பாதி எழுதிட்டு அப்பறம் உக்காந்து பொலம்பாத."

முழுதாகத்தான் எழுதினாள். தப்பு என்று தெரிந்தே பேசியதை எழுதினாள். யார் சொல்லிப் பேசினாள் என்பதை, அவருடைய அழைப்புக்குறியோடு, ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். அனுப்புவதற்கு முன் தன் தவறு முதலில் வருகிறதா, அவர் பெயர் முதலில் வருகிறதா என்று சரிபார்த்தாள். தன்னுடையதை மேலே மாற்றினாள். பழிவாங்குகிறேனா என்று கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் ஆமாம் என்று தோன்றியது. இருந்தும் அனுப்பினாள்.

விசாரணை பெரிதாக ஒன்றும் இல்லை. அவளுக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள், லைசென்ஸ் தப்பியது. கிட்டுசாமியிடம் விளக்கம் கேட்டார்கள். தன் கருவியை ஆட்கள் தனக்குத் தெரியாமல் எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள் என்று பதில் எழுதிவிட்டு, தனக்கு இனி லைசென்ஸே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. இன்னொரு பொழுதுபோக்கு கிடைக்காமலா போகும்? கம்பெனிகளுக்கென்றே முறைப்படி அனுமதி வாங்கிப் பயன்படுத்துகிற வாக்கி-டாக்கிகளை ஒரு நிறுவனம் வந்து மாட்டிக் கொடுத்தது. புதுக் கருவியை அவள் கையில் கொடுக்கும்போது கிட்டுசாமி, "இப்படி ஒண்ணு இருக்குதுன்னு முன்னாலயே சொல்லிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா அம்மிணி?" என்று கேட்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. இது தப்பு என்று அவள் சொன்னதெல்லாம் அவருக்கு ஞாபகமே இல்லையோ என்றுகூட ஷாஹிதாவுக்குச் சந்தேகம் வந்தது. தான் சரியாகத்தான் சொன்னோமா, குரல் மெலிந்து சொன்னோமா என்று அன்று முழுவதும் நினைத்துப் பார்த்தாள்.

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஃபாலோ-அப்பிலிருந்து, தைத்து வந்ததில் குறை பார்க்கும் செக்கிங்குக்கு மாற்றினார்கள். புதுக் கருவியும் இரண்டொரு நாளில் வேறு ஆளுக்குப் போயிற்று. கட்டிங் வேஸ்ட்டை வெள்ளக்கோவில்காரர் ஒருவர் அதிக விலைக்குக் கேட்கிறார் என்று அத்தாவுக்கு மிகவும் பணிவாகத் தகவல் வந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த ரிப்பீட்டரை இறக்கி, சங்கத்துக்காரர்கள் நித்யஸ்ரீ வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். வகுப்பு நின்றது. மளிகைக் கடைக்காரர் மட்டும் ஒருநாள் சாலையில் அவளைப் பார்த்து, "ஏனுங்க, பரீட்சை எப்பன்னு சொல்லவே இல்லீங்களே?" என்று கேட்டார். வேறு ஊரில் விசாரிக்கச் சொன்னாள்.

ரிப்பீட்டர் இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர்கள் கருவிக்குக் கருவி நேராகப் பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஷாஹிதா மொட்டைமாடிக்குப் போனாள். அமீருன்னிசா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கருவியைப் போட்டதும் பேச்சு கேட்டது. நித்யஸ்ரீயும் சங்கத்தில் இன்னும் இருவரும். ரிப்பீட்டரை மறுபடி வைக்க ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியைக் கேட்டிருக்கிறார்கள்; மண்டபத்துக்காரர் நல்ல மனுசர். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குமுன் விடவேண்டிய இடைவெளி வந்தது. ஷாஹிதா பொத்தானை அழுத்தித் தன் அழைப்புக்குறியைச் சொன்னாள். பொத்தானிலிருந்து விரலை எடுத்துக் காத்திருந்தாள்.

"அப்ப மண்டபத்துக்காரரைப் புதங்கெழமை போய்ப் பாத்துரலாமுங்களா?" என்றார் நித்யஸ்ரீ.

அடுத்த இடைவெளியில் மறுபடி சொன்னாள். இந்தமுறை இன்னும் மெதுவாக. ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தியதுபோல் கருவியில் யாரோ பொத்தானை அழுத்தி விட்ட சத்தம் ஒரு நொடி கேட்டது.

"வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று நித்யஸ்ரீ முறைப்படி கேட்டார். விதி அப்படி, கேட்டுவிட்டுத்தான் முடிக்க வேண்டும். ஷாஹிதா மூன்றாவது முறை சொன்னாள். இங்கிருந்து பார்த்தால் நித்யஸ்ரீ வீட்டு மாடி தெரியும். அங்கே துணிக்கொடிப் பக்கம் ஒருவர் கருவியும் கையுமாக நின்றிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் இல்லையாட்ட இருக்குது. முடிச்சுக்கலாமுங்க" என்றது நித்யஸ்ரீயின் குரல்.

அமீருன்னிசா துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அருகில் வந்தாள். "மூணு தரம் கூப்ட்டியே, என்னடி சொன்னாங்க?"

"சிக்னல் எடுக்கலம்மா" என்றாள் ஷாஹிதா. தாயின் தோளில் இருந்ததில் பாதியை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.